மல், ஸ்கை, மேன், ஆங்கில்சி: கோட்டையும் கடற்பறவையும் தேடுவோருக்கு எந்தத் தீவு?

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை நெருங்கும்போது கேட்கும் கேள்வி இது. அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். லண்டனும் எடின்பரோவும் காட்டியாயிற்று. இந்த முறை கூட்டமில்லாத ஒரு தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பழைய கோட்டை ஒன்று இருக்க வேண்டும், பறவை விலங்கு பார்க்க வேண்டும், சாயங்காலம் கடலோரம் நடக்கச் சின்ன ஊர் வேண்டும். ஸ்காட்லாந்தின் மல்லா, ஸ்கையா? ஐரிஷ் கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேனா? வேல்ஸின் ஆங்கில்சியா?

நான்கிலும் கோட்டை உண்டு, நான்கிலும் அழகான கடற்கரை உண்டு. அதனால் படங்களைப் பார்த்து முடிவெடுக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மாதமும் முழங்காலும்தான் இதைத் தீர்மானிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். எந்த மாதம் போகிறீர்கள், கூட வருகிறவர்களால் எவ்வளவு படியேற முடியும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு ஆனது போல.

## எதை வைத்துப் பார்ப்பது

மாதம். எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது பஃபின் பறவையைத்தான். வண்ண அலகோடு பொம்மை மாதிரி நிற்குமே, அதுதான். அது ஆண்டு முழுவதும் கரையில் இருக்காது. ஏப்ரலில் முட்டையிடக் கரையேறும், ஜூலைக் கடைசியில் நடுக்கடலுக்குத் திரும்பத் தொடங்கும், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்குவதோ ஜூலைக் கடைசி வாரத்தில். பள்ளிப் பிள்ளைகளுள்ள குடும்பம் ஆகஸ்டில் பஃபினுக்காகப் படகுச் சீட்டு எடுத்தால் வெறும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். மே மாதக் கடைசியில் வரும் ஒரு வார விடுமுறைதான் அவர்களுக்குச் சரியான நேரம்.

முழங்கால். சுற்றுலாத் தளங்களில் 'சுலபமான நடை' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். படகிலிருந்து பாறைக்கு இறங்க வேண்டுமா, கோட்டைக்குள் சுழல் படிக்கட்டா, கைப்பிடி உண்டா என்று தனித்தனியாக விசாரியுங்கள்.

ஓட்டுபவர். ஒரே ஒருவர்தான் கார் ஓட்டுவார் என்றால், அவருக்கு இது விடுமுறையா வேலையா என்பதும் ஒரு கேள்விதான்.

மழை நாள். இந்த நான்கு தீவுகளிலும் மழை பெய்யும். அன்றைக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா?

கண்ணில் படாத செலவு. படகுக் கட்டணமும் அறை வாடகையும் எல்லோரும் கணக்குப் போடுகிறவை. அவற்றுக்கு வெளியே என்ன என்பதை ஒவ்வொரு தீவிலும் சொல்கிறேன்.

| | மல் | ஸ்கை | மேன் | ஆங்கில்சி |
|---|---|---|---|---|
| போகும் வழி | ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்திலிருந்து படகு, முக்கால் மணிக்குச் சற்று மேல் | பாலம் | இங்கிலாந்தின் ஹேஷம் துறைமுகத்திலிருந்து படகு, சுமார் 3¾ மணி. அல்லது விமானம் | பாலம். லண்டனிலிருந்து நேரடி ரயிலும் உண்டு |
| கார் இல்லாமல் | கடினம் | கடினம் | தாராளமாக முடியும் | ஓரளவு முடியும் |
| முக்கியக் கோட்டை | டூவர்ட் | டன்வேகன் | ரஷென், பீல் | பியூமாரிஸ் |
| உயிரினம் | கடற்கழுகு, நீர்நாய், பஃபின் | சீல், கடற்கழுகு | சீல், வாலபி (சிறு கங்காரு வகை) | கடற்பறவைகள், சிவப்பு அணில் |
| முழங்கால் வலிக்கு | காரில் இருந்தே நிறையப் பார்க்கலாம். பஃபின் மட்டும் சிரமம் | மலை நடைகள் சிரமம் | நல்லது | மிக நல்லது |
| தவிர்க்க வேண்டிய காலம் | மிட்ஜ் பூச்சிக்கு அஞ்சினால் ஜூலை, ஆகஸ்ட் | ஜூலை, ஆகஸ்ட் | டிடி மோட்டார் சைக்கிள் பந்தயக் காலம் | கோடை வெள்ளிக்கிழமை மாலைகள் |

## மல்

உயிரினங்களைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், மல்லுக்கே போங்கள்.

வெண்வால் கடற்கழுகு பிரிட்டனிலிருந்தே அழிந்துபோன பறவை. சுட்டும் விஷம் வைத்தும் கொன்றார்கள். கடைசிப் பறவை 1918-இல் ஷெட்லாந்தில் சுடப்பட்டது. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, மல்லுக்கு வடக்கே இருக்கும் ரம் தீவில் விட்டு வளர்த்தார்கள். அவற்றின் வழியில் பிறந்து வெற்றிகரமாகப் பறந்த முதல் குஞ்சு 1985-இல் மல்லில் கூட்டைவிட்டு எழுந்தது. இன்று பிரிட்டனில் இந்தக் கழுகைப் பார்க்கத் தோதான இடங்களில் முதலில் நிற்பது மல்தான். சிறகு விரித்தால் ஏறத்தாழ 2.4 மீட்டர் வரும். பொன்னிறக் கழுகும் இதே மலைகளில் உண்டு.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தீவின் மேற்கே லாக் நா கீல் என்ற கடற்கழியை ஒட்டியே சாலை போகிறது. கரையோரம் வண்டி நிறுத்த இடம் பார்த்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும், காருக்குள் இருந்தபடியே நீர்நாய் பார்க்கலாம். காற்றடங்கி நீர் சலனமில்லாமல் இருக்கும் நேரம் நல்லது. முதலில் தெரிவது அம்பு முனை போல நீண்டுகொண்டே போகும் ஒரு கோடு. அப்புறம் தலை, முதுகு, வால்நுனி என்று மூன்று மேடுகள். மூழ்கும்போது கடைசியாக வால் மேலே எழுந்து மறையும். சின்ன மீன் என்றால் நீரிலேயே தின்றுவிடும். நண்டோ பெரிய மீனோ கிடைத்தால் கடற்பாசி படர்ந்த பாறைக்கு இழுத்து வரும். காரைவிட்டு இறங்கிக் கிட்டே போக விரும்பினால், அது மூழ்கியிருக்கும் நேரத்தில் மட்டும் நான்கு அடி எடுத்துவைத்து, மேலே வந்ததும் அப்படியே நின்றுவிட வேண்டும். பெரியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல காட்சி நான்கு தீவுகளிலும் இல்லை.

பஃபினுக்கு ட்ரெஷ்னிஷ் தீவுக்கூட்டத்தில் உள்ள லுங்காவுக்குப் படகில் போக வேண்டும். மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் பருந்து போலச் சுற்றும் பெரிய கடற்காகங்கள் அண்டாது என்பதால், பஃபின்கள் நம் காலடிக்கு அருகிலேயே வந்து நிற்கும். ஆனால் இறங்கியதும் உருண்டைக் கற்கள் நிறைந்த கரையைத் தாண்டி, செங்குத்தான சிறு பாதையில் ஏறியாக வேண்டும். கைத்தடி ஊன்றுபவரை இதற்கு அழைத்துப் போகாதீர்கள். அதே படகு பெரும்பாலும் எரிமலைத் தூண்கள் அடுக்கிவைத்த ஸ்டாஃபா தீவுக்கும் போகும். அலை எழும்பினால் அங்கே இறங்க விடமாட்டார்கள். பெரியவர்களுக்கு ஐயோனா இருக்கிறது. புனித கொலும்பா 563-இல் மடம் நிறுவிய தீவு. படகில் பத்து நிமிடம், பிறகு மடாலயம் வரை சிரமமில்லாத நடை.

டூவர்ட் கோட்டையைப் படகிலிருந்தே பார்த்துவிடலாம். மெக்லீன் குலத்தாரின் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, கூரையிழந்து பாழாய்க் கிடந்ததை 1911-இல் அந்தக் குலத் தலைவரே வாங்கிப் புதுப்பித்தார். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தங்குவதற்கு டோபர்மோரி. 1788-இல் மீன்பிடித் துறைமுகமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். துறைமுகத்தை ஒட்டி மஞ்சள், சிவப்பு, நீலம் என வண்ணம் பூசிய வீடுகள். பகலில் வரும் பேருந்துக் கூட்டம் மாலையில் போய்விடும், அதற்குப் பிறகு ஊர் உங்களுடையது.

இனி செலவு. படகுக் கட்டணம் பெரிதல்ல. ஓபன் படகில் காருக்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. கோடைக்குரிய இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். வீட்டை வாடகைக்கு எடுத்துப் பணம் கட்டிவிட்டுப் படகு தேடாதீர்கள். இடம் இல்லையென்றால் லாகலைனிலிருந்து ஃபிஷ்னிஷுக்கு முன்பதிவு தேவைப்படாத சிறிய படகு ஒன்று உண்டு. கடப்பது இருபது நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் லாகலைன் போய்ச்சேரக் கோரன் என்ற இடத்தில் இன்னொரு படகேறி, குறுகலான சாலையில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும்.

தீவுக்குள்ளும் பெரும்பாலும் ஒற்றைத் தடச் சாலைதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து வழிவிட வேண்டும். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் விட வேண்டும். கழுகு தெரிகிறது என்று ஒதுங்குமிடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இறங்குவது அங்கே பெரிய குற்றம். ஓபன் படகு வந்துசேரும் கிரெக்னூரிலிருந்து, ஐயோனாவுக்குப் படகு புறப்படும் ஃபியன்ஃபோர்ட் வரை 60 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் போக முடியாது. லண்டனிலிருந்து ஓபனுக்கே சுமார் 800 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோ வரை ரயிலிலோ விமானத்திலோ போய், அங்கே கார் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். டோபர்மோரியில் கூட்டுறவுச் சூப்பர் மார்க்கெட் உண்டு. பால், காய்கறி, ரொட்டி கிடைக்கும். துவரம்பருப்பு, புளி, சாம்பார் பொடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிபூச்சி மாலையில் மொய்க்கும், காற்று வீசினால் ஓடிவிடும். புல்வெளியில் நடந்தால் திரும்பி வந்ததும் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

## ஸ்கை

பெயர் கேட்டவுடன் எல்லோருக்கும் தெரிவது ஸ்கைதான், அதுவே அதன் சிக்கலும். 1995-இல் பாலம் திறந்தது, 2004-இல் சுங்கக் கட்டணம் நீங்கியது. படகு ரத்தாகுமோ என்ற கவலை இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணின் அடிவாரத்திலும் ஃபேரி பூல்ஸ் என்ற நீர்ச்சுனைகளிலும் வண்டி நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது போய்விடும். நிறுத்துவதற்குக் கட்டணமும் உண்டு. அமைதியான கடலோர ஊர் வேண்டும் என்று கேட்பவருக்குக் தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயைக் கோடையில் நான் சொல்ல மாட்டேன்.

ஸ்கை நிலக்காட்சிக்கான தீவு. கூலின் மலைத்தொடரின் கூர்மையும் குவிராங்கின் சரிந்த பாறைகளும் மற்ற மூன்று தீவுகளிலும் கிடையாது. அவற்றைச் சரியாகப் பார்க்க நடக்க வேண்டும், ஏற வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, செப்டம்பர் கடைசியில் போகக்கூடியவர்களுக்கு, ஸ்கை மிகச் சரி. கோட்டை என்றால் டன்வேகன்: மெக்லவுட் குலத்தார் சுமார் 800 ஆண்டுகளாக வைத்திருக்கும் வீடு. கோட்டைத் துறையிலிருந்தே சிறு படகில் சீல் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். வழியில், பாலத்துக்கு முன்பே, நிலப்பகுதியில் ஐலன் டோனன் கோட்டை வரும். 1719-இல் பிரிட்டிஷ் கடற்படை தகர்த்த இதை மீண்டும் கட்டும் வேலை 1932-இல்தான் முடிந்தது. நாள்காட்டிகளில் வரும் ஸ்காட்லாந்துக் கோட்டை பெரும்பாலும் இதுதான்.

ஸ்கையையும் மல்லையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆர்மடேலிலிருந்து மல்லைகுக்குப் படகு, பிறகு மோர்வன் வழியாக ஓட்டி லாகலைனில் மீண்டும் படகு. ஒரு நாள் முழுக்கப் பயணத்திலேயே போகும். பெரியவர்களோடு வேண்டாம்.

## ஐல் ஆஃப் மேன்

கார் ஓட்ட ஆளில்லை, அல்லது ஓட்டுபவருக்கும் ஓய்வு வேண்டும் என்றால் மேன் தீவுக்கு நிகரே இல்லை. தலைநகர் டக்ளஸிலிருந்து தெற்கே போர்ட் எரின் வரை 1874 முதல் நீராவி ரயில் ஓடுகிறது. வடக்கே 1893-இல் தொடங்கிய மின்சார டிராம் இப்போது ராம்ஸி வரை போகிறது. 1895-இல் போட்ட இன்னொரு பாதை 621 மீட்டர் உயரமுள்ள ஸ்னேஃபெல் உச்சிக்கே ஏற்றிவிடும். அப்பா ரயில் பிரியர் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். இவை குளிர்காலத்தில் நிற்கும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் தினமும் ஓடாது. கால அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

கோட்டையிலும் இந்தத் தீவுதான் என் முதல் தேர்வு. காசில்டவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ரஷென் கோட்டை. சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய இந்தக் கோட்டையில்தான் தீவின் கடைசி நார்ஸ் அரசர் மேக்னஸ் 1265-இல் இறந்தார்; பிற்காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்தது. அதன் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான். மேற்குக் கரையில் பீல் கோட்டை செம்மண் நிறக் கல்லில், திறந்த வெளியாக, கடல் சூழ நிற்கிறது. 1980-களில் அங்கே அகழ்ந்தபோது 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கல்லறையும், கண்ணாடி, அம்பர் மணிகள் கோத்த மாலையும் கிடைத்தன. ரஷெனில் குறுகிய சுழல் படிகள் உண்டு; முடியாதவர்களுக்குப் பீல்தான் தோது. பீல், போர்ட் செயின்ட் மேரி, காசில்டவுன் மூன்றுமே மாலை நடைக்கேற்ற அமைதியான ஊர்கள்.

2016-இல் தீவு முழுவதையுமே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தென்முனையில் 'தி சவுண்ட்' என்ற இடத்தில் உணவகக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தேநீர் குடித்தபடியே எதிரே பாறைமேல் படுத்திருக்கும் சாம்பல் நிற சீல்களைப் பார்க்கலாம். மழை நாளுக்கு இது போதாதா! வடக்கே பல்லா சதுப்புநிலத்தில் வாலபிகள் காட்டில் திரிகின்றன. விலங்குப் பூங்காவிலிருந்து தப்பிப் பெருகியவை. மாலை மங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் நடந்தால் தென்படும். பஃபின் எண்ணத்தோடு மட்டும் இங்கே வர வேண்டாம்.

மேன் தீவு பிரிட்டனின் பகுதியல்ல. தனி நாடாளுமன்றம், தனிச் சட்டம் கொண்டது. பிரிட்டனிலிருந்து போக எல்லைச் சோதனை இல்லை. பிரிட்டிஷ் விசாவில் வந்த பெற்றோருக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் உங்கள் செல்பேசித் திட்டத்தில் இந்தத் தீவு சேராமல் இருக்கலாம், ரோமிங் கட்டணம் விழும். புறப்படும் முன் கேட்டுவிடுங்கள். பெற்றோரின் பயணக் காப்பீட்டிலும் தீவின் பெயர் அடங்குகிறதா என்று பாருங்கள். அங்கே தரும் மேங்க்ஸ் பவுண்டு நோட்டு இங்கிலாந்துக் கடைகளில் செல்லாது, வரும் முன் செலவழித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம். மே கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை பல மடங்கு, சாலைகளையும் மூடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மே விடுமுறை சரியாக இதில்தான் போய் முட்டுகிறது. ஆகஸ்ட் கடைசியிலும் மேங்க்ஸ் கிராண்ட் பிரி பந்தயம் உண்டு. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி இங்கே நல்ல காலம்.

## ஆங்கில்சி

வெளிநாட்டிலிருந்து வந்த களைப்போடு இருக்கும் பெற்றோர், மூன்று நான்கு நாள்தான் விடுப்பு, கைக்குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆங்கில்சி. லண்டன் யூஸ்டனிலிருந்து நேரடி ரயில் நான்கு மணி நேர அளவில் ஹோலிஹெட்டில் கொண்டுவிடும். காரில் வந்தால் 1826-இல் பொறியாளர் டெல்ஃபோர்டு கட்டிய மெனாய் தொங்கு பாலம் வழியாகவோ, பக்கத்தில் உள்ள பிரிட்டானியா பாலம் வழியாகவோ தீவுக்குள் நுழையலாம்.

பியூமாரிஸ் கோட்டையை முதலாம் எட்வர்ட் மன்னர் 1295-இல் கட்டத் தொடங்கினார். மதிலுக்குள் மதில், சுற்றிலும் அகழி என்று கனகச்சிதமாகத் திட்டமிட்டது. பணம் தீர்ந்ததால் முழு உயரத்துக்கு எழும்பவே இல்லை. அந்தக் குறையால்தானோ என்னவோ, உள்முற்றம் அகலமாய்ச் சமதளமாய்த் திறந்து கிடக்கிறது. படியேறாமலே கோட்டையின் அமைப்பை முழுதாகப் புரிந்துகொள்ளலாம். கர்னார்வன், கான்வி, ஹார்லெக் கோட்டைகளோடு சேர்த்து 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கர்னார்வன் காரில் அரைமணி தூரம்தான். இங்கிலாந்தின் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் 'இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்' அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தால் வேல்ஸ் அரசின் இந்தக் கோட்டைகளுக்கு முதல் ஆண்டில் பாதிக் கட்டணம், புதுப்பித்தவர்களுக்கு இலவசம்.

சவுத் ஸ்டாக் செங்குத்துப் பாறையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆயிரக்கணக்கில் கில்லிமாட், ரேஸர்பில் பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். கலங்கரை விளக்கத்துக்கு இறங்க 400 படி. ஆனால் பறவை பார்க்க அந்தப் படிகளே தேவையில்லை. மேலே எலின்ஸ் டவர் என்ற சிறு கோபுரத்திலிருந்தே தொலைநோக்கியில் பாறை முழுக்கத் தெரியும். சில பஃபின்களும் அங்கே உண்டு. பியூமாரிஸிலிருந்து படகு போகும் பஃபின் தீவின் பெயரை நம்பிப் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். எலிகள் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்று தீர்த்தன. 1998-இல் எலிகளை ஒழித்த பிறகும் பஃபின்கள் அங்கே குறைவுதான். சீல்களும் மற்ற கடற்பறவைகளும் தாராளமாக இருப்பதால் படகில் இருந்தபடியே பார்க்கும் அந்தப் பயணம் பெரியவர்களுக்கு இதமானது. நியூபரோ காட்டில் சிவப்பு அணில்கள் இருக்கின்றன. தீவிலிருந்து சாம்பல் அணில்களை முற்றிலும் அகற்றிய பிறகு இவை பெருகின. நம்மூர் முதுகுக்கோட்டு அணிலையே பார்த்தவர்களுக்குக் குஞ்சம் வைத்த காதுகளோடு ஒன்று வந்து நின்றால் நிச்சயம் பிடிக்கும்.

மறைவான செலவு இங்கே குறைவு. கோடையில் இரண்டு பாலங்களிலும் நெரிசல் உண்டு, வெள்ளிக்கிழமை மாலை போகாதீர்கள். பியூமாரிஸுக்கு ரயில் இல்லை, பாங்கரில் இறங்கிப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மல்லின் தனிமையை இங்கே எதிர்பார்க்கவும் கூடாது. மொயல்ஃப்ரி, கெமைஸ் போன்ற சிற்றூர்களில் தங்கினால் அமைதி ஓரளவு கிடைக்கும்.

## தேதி கையில் இருந்தால்

மே கடைசி வாரமும் பஃபின் ஆசையும் என்றால் மல், படியேற முடியாதவர் இருந்தால் ஆங்கில்சி. ஆகஸ்ட் மட்டும்தான் முடியும் என்றாலும் மல்லைக் கைவிட வேண்டாம்: கழுகும் நீர்நாயும் ஆண்டு முழுக்க இருக்கும், மின்கே திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கும் அதுதான் பருவம், பஃபினை மட்டும் மறந்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, செப்டம்பரில், நீங்களும் பெற்றோரும் மட்டும் போகிறீர்கள் என்றால் மல்லுக்கும் மேனுக்கும் இடையில்தான் போட்டி. கார் ஓட்டத் தயார் என்றால் மல், இல்லையென்றால் மேன்.

முடிவானதும் முதலில் எதைப் பதிவு செய்வது என்பதும் தீவுக்குத் தீவு மாறும். மல்லுக்குக் காருக்கான படகிடம் முதலில், வீடு அடுத்து, லுங்கா படகு மூன்றாவது; அதையும் பயணத்தின் முதல் நாள்களில் வைத்துக்கொண்டால் காற்றால் ரத்தானாலும் இன்னொரு நாள் கிடைக்கும். ஸ்கையில் அறைதான் முதலில். மேனுக்குப் பந்தயத் தேதிகளைப் பார்த்த பிறகே விமானமோ படகோ. ஆங்கில்சிக்கு ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் கணிசமாக மிச்சமாகும். மற்றதைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.